என் மனைவி மேடையில் செத்த கதை

மைக்கைப் பிடித்துப் பேசுகிற யாரையும் நான் முழுதாக நம்புவதில்லை. திண்டுக்கல்லில் மைக் செட் வாடகைக்கு விடுவது என் பிழைப்பு. அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் சப்பரம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், நாத்திகக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அதே பெட்டிகள்தான், அதே வயர்தான். ஒரு வாரம் அம்மன் பாட்டு ஓடிய ஸ்பீக்கரில் மறு வாரம் அம்மனே கிடையாது என்பார்கள். ஸ்பீக்கருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. எனக்கும் ரொம்ப நாள் இல்லாமல்தான் இருந்தது.

மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர் ஒரு பேச்சை ஒரு தடவைதான் கேட்பார். பக்கவாட்டில் மிக்சர் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிற நான் அதே பேச்சை ஊர் ஊராகக் கேட்பேன். எந்த வரியில் குரல் தழுதழுக்கும், எங்கே நிறுத்தித் தண்ணீர் குடிப்பார், எங்கே கைதட்டு விழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒருவர் கண்ணீர் விட்டால், அடுத்த ஊரிலும் அதே வரியில் அந்தக் கண்ணீர் வருகிறதா என்று பார்ப்பேன். தவறாமல் வந்துவிடும். சந்தேகம் எனக்குள் இப்படித்தான் ஊறியது.

ஜெபக் கூட்டப் பேச்சுகளில் ஒரு பெண் வருவாள். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள், ஜெபித்தோம், கட்டி கரைந்துவிட்டது என்பார்கள். கோயில் சொற்பொழிவிலும் அவள் உண்டு, அங்கே அவளுக்குத் திருநீறு. நாத்திகக் கூட்டத்துக்கு வந்தால் அதே திருநீற்றை நம்பிச் செத்துப் போயிருப்பாள். ஒரு மேடையில் பிழைக்க வைக்கிறார்கள், இன்னொரு மேடையில் சாகடிக்கிறார்கள். அவள் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு, வருகிற வழியில் கோயிலிலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து குழம்பைக் கொதிக்க வைத்தாள் என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நான் சொல்ல வந்த நாத்திகப் பேச்சாளர் ஒட்டன்சத்திரத்துக்காரர். எங்கள் பக்கம் எங்கே பகுத்தறிவுக் கூட்டம் நடந்தாலும் கடைசியாகப் பேசுகிறவர் அவராகத்தான் இருப்பார். மனிதரைச் சும்மா சொல்லக் கூடாது. கன்னிவாடிப் பக்கம் ஒரு மந்திரவாதி பாம்பு கடித்த ஆளுக்கு வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தபோது, இவர்தான் உள்ளே புகுந்து சண்டை போட்டு, கடிபட்டவரைத் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த ஆள் பிழைத்தார். இது மேடையில் கேட்ட கதை இல்லை. அன்றைக்கு ஓட்டிய வண்டி என்னுடையது. கூட்டம் முடிந்ததும் நம்மோடு சேர்ந்து பெட்டி தூக்குவார், யார் வீட்டுத் தட்டிலும் சாப்பிடுவார். இப்படிப்பட்டவரைச் சந்தேகப்பட மனசே வராது. ஆனாலும் பட்டேன்.

முதல் சந்தேகம் கேள்வி மைக்கில் வந்தது. பேசி முடித்ததும், "சந்தேகம் இருக்கறவங்க எழுந்து கேளுங்க" என்று கூட்டத்துக்குள் ஒரு மைக் அனுப்புவார். அதற்கு முன்னாலேயே என்னிடம் வந்து, "அந்த மைக்கைக் கொஞ்சம் கம்மியா வைங்க தோழர், ஊளையிடுது" என்பார். ஊளையிடும்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் மைக்கும் ஊளையிடும், அதைக் குறைக்கச் சொன்னதே இல்லை. ஒரு தடவை வெங்காய வியாபாரி ஒருவர் எழுந்து, "போலி டாக்டர் இருக்கான்னு டாக்டரே கெடையாதும்பீங்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. இவர் சிரித்துக்கொண்டே, "நான் டாக்டரைக் காட்டறனுங்க, நீங்க சாமியைக் காட்டுங்க" என்றார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. வெங்காய வியாபாரி இன்னும் ஏதோ சொன்னார். அது யார் காதிலும் விழவில்லை. கோயிலிலும் சர்ச்சிலும் கேள்வி மைக் என்ற பேச்சே கிடையாதே, இவராவது ஒன்றை வைக்கிறாரே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதே வருடம் என் மனைவிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது, அப்புறம் எச்சில் விழுங்கும்போது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. ஊசி போட்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "இப்ப எடுத்துட்டா முழுசா எடுத்துரலாம். தள்ளிப் போட்டீங்கன்னா அப்புறம் நான் எந்த உத்தரவாதமும் குடுக்க முடியாது" என்று சொல்லித் தேதி குறித்துக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, "பூக்கட்டிப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று கிளம்பினாள். எங்கள் பக்கம் ஒரு காரியத்தில் மனசு ரெண்டுபட்டு நின்றால் இப்படிச் செய்வது வழக்கம். ஒரு இலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. ரெண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போட்டுவிட்டு, கோயிலுக்கு வந்த யாரையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை எங்கள் வீட்டில் பிரித்துப் பார்ப்பதில்லை, கிணற்றில் போட்டுவிடுவோம். சிவப்பு வந்தால் என்னடி செய்வாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "வெள்ளை வந்துருச்சுங்க. போயிருவோம்" என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நாலைந்து நாளில் அந்தப் பேச்சாளர் எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு மைக் செட் சொல்ல வீட்டுக்கு வந்தார். அவள் தோசை சுட்டுப் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, "கழுத்துல என்னங்கம்மா?" என்று அவராகத்தான் கேட்டார். அவள் ஒளிக்கவில்லை. டாக்டர் சொன்னது, தேதி, பூக்கட்டிப் பார்த்தது, வெள்ளை வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். கேலி செய்யப் போகிறார் என்று நான் முறைத்துக்கொண்டே நின்றேன். அவர் செய்யவில்லை. "பூவு என்ன சொன்னாலுஞ் சரி, டாக்டர் சொன்ன நாளைக்குப் போயிருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவினார். போனபிறகு அவள், "நல்ல மனுசங்க. சாமி இல்லேங்கறாரே ஒழிய நம்மளத் திட்டல" என்றாள்.

அந்த நல்ல மனுசன் பேச்சைக் கேட்க வேண்டும் என்றுதான் பக்கத்து வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வந்தாள். பின்வரிசையில் உட்கார்ந்தாள். வெளிச்சம் அங்கே இல்லை, அவர் அவளைப் பார்த்திருக்க முடியாது. பாதிப் பேச்சில் அவர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினால் ஒரு சாவு வரப்போகிறது என்று எனக்குத் தெரியும்.

"நண்பர்களே, இதே திண்டுக்கல்லில் ஒரு சகோதரி. கழுத்திலே கட்டி. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். அந்தச் சகோதரி என்ன செய்தார்? பூக்கட்டிப் பார்த்தார். சிவப்புப் பூ வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இன்றைக்கு அந்தச் சகோதரி நம்மிடையே இல்லை. நான் கேட்கிறேன், அவரைக் கொன்றது கட்டியா, பூவா?"

கைதட்டு பிய்த்துக்கொண்டு போனது. என் காது அடைத்துவிட்டது. எழுந்து பின்வரிசையைப் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா நிலவரம் புரியாமல் தட்டிக்கொண்டிருந்தார். இவள் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு, எதிரே எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அடப்பாவி, அவள் சுட்டுப் போட்டு நீ சாப்பிட்ட தோசை இன்னும் செரித்திருக்காதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கைப் பிடுங்கி எறிந்திருக்கலாம். என் மைக்தானே. ஆனால் எனக்கு முதலில் அவள் பக்கத்தில் போக வேண்டியிருந்தது, போனேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். "நான் ஆபரேசனுக்கு வரல."

"அந்தாளு அடிச்சு விட்டாருடி. உனக்கு வந்தது வெள்ளைதானே?"

"வந்தது எதுவோ. அம்புட்டுப் பேர் முன்னாடி சொல்லியாச்சு. நான் வரல, என்னைய விட்ருங்க."

அதற்குமேல் காரணம் சொல்ல மறுத்துவிட்டாள். கெஞ்சினேன், கத்தினேன். கன்னிவாடியிலிருந்து அவள் அண்ணன் வந்து, பூந்தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பார்த்தார். அவள் வெஞ்சனத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டுப் போண்ணே" என்றாள். ஆஸ்பத்திரித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. எச்சில் விழுங்கும்போது அந்தக் கட்டி மேலே ஏறி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் வந்தது.

சகுனத்துக்குப் பயந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். பொய் சொன்னவரே வந்து பொய்யென்று சொன்னால் சரியாகிவிடும் என்று ஒட்டன்சத்திரம் கிளம்பிப் போனேன். மார்க்கெட் வாசலில், கேரளா போகிற காய்கறி லாரிகளுக்கு நடுவே டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மிணி அங்கே இருந்தாங்களா? எனக்குத் தெரியாதுங்களே. பேரு எதுவுஞ் சொல்லலீங்க தோழர். ஒரு உதாரணத்துக்குச் சொன்னது."

"அவ உசுரோட இருக்கா. வந்தது வெள்ளைப் பூ. உங்ககிட்டத்தான் சொன்னா."

"தப்புத்தானுங்க. ஆனா இந்த மாதிரி பூவை நம்பிச் செத்தவங்க எத்தனையோ பேர் இருக்காங்களே."

"அப்ப அவங்களச் சொல்ல வேண்டியதுதானே? என் பொண்டாட்டிய எதுக்குச் சாவடிச்சீங்க?"

அவர் டீக்குக் காசை எடுத்துக் கொடுத்தார். அடுத்த கூட்டத்தில் அது பொய்யென்று மைக்கில் சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் அவருக்கே உரிய சாமர்த்தியம் வெளியே வந்தது. "ஏனுங்க, யோசிச்சுப் பாருங்க. நான் அப்படிச் சொன்னா, என் வாய்ல வந்தது பலிச்சுரும்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதுங்களா? பரிகாரம் பண்ற மாதிரி ஆயிருமுங்க. நாளைக்கு எவன் வேணும்னாலும் என்னைக் கேப்பான்."

எனக்கு வாயடைத்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் வந்தபிறகுதான் பதில் கிடைத்தது. பொய்யைப் பொய் என்று சொல்வதற்கு எதற்கய்யா இவ்வளவு தத்துவம்? அந்த நேரத்தில் வாயில் வந்தால்தானே. மேடைப் பேச்சு பேசிப் பழகியவரிடம் நம்மைப் போன்றவர்கள் எப்போதும் பாதி வழியில்தான் ஜெயிக்கிறோம்.

அந்தச் சில நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவர் சொல்கிறதில் பெரும்பகுதி உண்மை என்று எனக்குத் தெரியும். மந்திரவாதியை நானும்தான் பார்த்தேன். சாமி பேரைச் சொல்லி ஊரை ஏய்க்கிறவர்களுக்கு நான் எத்தனை பேருக்கு மைக் கட்டியிருக்கிறேன். இம்புட்டு உண்மை கையில் இருக்கிற ஆள் எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? அவர் நம்புகிற விஷயத்தில் அவருக்கே நம்பிக்கை போதவில்லையா? இல்லை, உண்மைக்குக் கைதட்டு விழாது என்று தெரிந்துவைத்திருக்கிறாரா? எந்தப் பக்கம் திருப்பினாலும் சந்தேகம்தான் மிஞ்சியது.

தேதிக்கு முந்தின நாள் மத்தியானம் அவராகவே வீட்டுக்கு வந்தார். கூட யாரும் இல்லை. முகம் வாடியிருந்தது. என் மனைவி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கோபத்தைக் காட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"அம்மிணி, நான் சொன்னதை மனசுல வச்சுக்கிட்டு உசுரக் கெடுத்துக்காதீங்க. வார்த்தைக்கு எந்தச் சக்தியும் கெடையாதுங்க. சகுனம், பலிக்கறது எல்லாம்..."

"சகுனத்துக்கு நான் பயப்படலண்ணே" என்று அவள் இடைமறித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உங்ககிட்டயும் இதச் சொல்லல. அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூவைத்தான் கட்டுனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நான் ஆத்தாகிட்டக் கேக்கப் போகல. நான் ஆபரேசன் பண்ணிக்கிறதுன்னு எப்பவோ முடிவு பண்ணிட்டேன். செவப்பு வந்தா அப்புறம் எனக்குக் காலு நடக்காது. அதான் ரெண்டுலயும் வெள்ளையக் கட்டி, 'சரிதானே ஆத்தா'ன்னு சொல்லிட்டு வந்தேன். மனசுக்கு ஒரு தெம்பு, அம்புட்டுத்தான். அப்புறம் இந்த அண்ணன் மேடையில நின்னு செவப்பு வந்துச்சுங்கறாரு. நான் செத்துட்டேங்கறாரு. சாமியே இல்லேங்கற ஆளு வாயில அது எப்படி வரும்? நான் அவள ஏமாத்தினேன்ல, அதான் அவளே வந்து சொல்றான்னு நெனச்சேன். உண்மையாக் கட்டியிருந்தா செவப்புத்தான் வந்துருக்கும்னு சொல்றா."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை மேடையில் எத்தனை சாமியை விரட்டியவர். அவர் வாயிலேயே அம்மன் வந்து இறங்கிவிட்டாள் என்று ஒருத்தி உயிரை விடத் துணிந்து நிற்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்கே தெரியவில்லை. அவரும் பேச்சை எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் செம்புத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"அம்மன் வரலீங்கம்மா" என்றார் கடைசியில். "நான்தான். வெள்ளைன்னு நீங்க சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. தெரிஞ்சேதான் செவப்புன்னு மாத்துனேன். தெரிஞ்சேதான் செத்துட்டீங்கன்னு சொன்னேன். அது பொய்யிங்க. முழுப் பொய்."

"எதுக்குண்ணே?"

"வெள்ளை வந்துச்சு, ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, பொழைச்சுக்கிட்டாங்கன்னா..." அவர் நிறுத்தினார். "அதுல நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்களே."

"நான் உசுரோட இருந்தா உங்க பேச்சுக்கு ஆக மாட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவள் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு சிரிப்பு வந்தது.

"அப்ப நீங்களும் ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவைத்தான் கட்டிருக்கீங்க" என்றாள். "நான் என் ஒருத்திக்குக் கட்டுனேன். நீங்க அம்புட்டு சனத்துக்கும் கட்டிட்டீங்களேண்ணே."

மார்க்கெட் வாசலில் என் வாயை அடைத்த மனிதர் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். அவர் தெரு முனையைத் தாண்டுகிற வரை பார்த்துவிட்டு, "அந்தப் பெரிய பைய எடுங்க, துணி வைக்கணும்" என்றாள் என் மனைவி. பரணிலிருந்து பையை இறக்கும்போது எனக்குக் கண் மறைத்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கு முழுக்க அவர் வார்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருந்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும். மருந்துச் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவரே ஓடினார், ரத்தம் கேட்டால் கொடுக்கிறேன் என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். அவளுக்கு நினைவு திரும்பிவிட்டது என்று நான் வந்து சொன்னதும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அவளுக்குக் குரல் மட்டும் கம்மிப் போய், சரியாக நாளானது.

அதன்பிறகு ஒட்டன்சத்திரத்தில் நடந்த கூட்டத்துக்கு நான்தான் மைக் கட்டினேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிழைப்பு விடவில்லை, அதைவிட அவர் என்ன சொல்லப் போகிறார் என்ற குறுகுறுப்பும் விடவில்லை. என் மனைவி பிழைத்த கதையைச் சொல்வார் என்று ஒரு நப்பாசை இருந்தது. பாதிப் பேச்சில் அவர் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினார். ஒரு தடவை என் பக்கம் பார்த்துவிட்டு, பார்வையைக் கூட்டத்தின் மேல் திருப்பிக்கொண்டார்.

"நண்பர்களே, ஆயக்குடியில் ஒரு விவசாயி. கொய்யாத் தோட்டம் வைத்திருந்தவர். நெஞ்சுவலி. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். அவர் என்ன செய்தார்? பூக்கட்டிப் பார்த்தார்..."

அந்த விவசாயி செத்துப் போனார். கைதட்டு விழுந்தது.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினேன். என் மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே, கம்மிய குரலில், கூட்டத்தில் என்ன பேசினார் என்று கேட்டாள். சொன்னேன். கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"ஆயக்குடி என்ன தொலைவா?" என்றாள். "ஒரு எட்டு போயி விசாரிச்சுட்டு வாங்க. அந்த மனுசன் உசுரோட இருந்தாருன்னா, அவரு சம்சாரம் இந்நேரம் என்ன பாடு படுதோ."